டி கலம், பி கலம், அவற்றை வளர்க்கும் சமிக்ஞைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் உயர்தர உயிரியல் வகுப்பு எடுக்கிறேன். நிர்ப்பீடனம் (நோயெதிர்ப்பு) பற்றிய பாடம் வந்தால் கேள்விகள் வகுப்போடு முடிவதில்லை. பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் கேட்பார்கள், சில நேரம் அவர்களுடைய அம்மா அப்பாவும் கேட்பார்கள். அப்படி வந்தவற்றில் திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. நோய் பற்றிய பகுதிகளை விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லா நிர்ப்பீடனக் கலங்களும் ஒரே இடத்திலா பிறக்கின்றன?

ஏறக்குறைய அப்படித்தான். தாயின் வயிற்றில் இருக்கும்போது பெரும்பாலும் கருவின் ஈரலில், பிறந்த பிறகு எலும்பு மச்சையில். அங்கே இருக்கும் குருத்துக்கலம் ஒன்றிலிருந்தே செங்குழியம், குருதித்தட்டு, நியூட்ரோபில், டி கலம், பி கலம் என்று எல்லாமே கிளைக்கின்றன. டி, பி இரண்டும் கிருமிகளை எதிர்க்கும் வெண்குழிய வகைகள். பி கலம் உடலெதிரி (கிருமியைப் பிடிக்கும் புரதம்) தருவதற்கு, டி கலம் மற்றக் கலங்களுக்கு உதவவும் தொற்றிய கலங்களைக் கொல்லவும்.

இதை முதலில் காட்டியவர்கள் கனடாவின் டொரொன்டோவில் ஜேம்ஸ் டில், ஏர்னஸ்ட் மெக்கலோக் என்ற இருவர். 1961இல் கதிர்வீச்சால் மச்சை அழிந்துபோன எலிகளுக்கு வேறு எலியின் மச்சைக் கலங்களை ஏற்றினார்கள். பத்து நாளில் அந்த எலிகளின் மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் தெரிந்தன. ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு கலத்திலிருந்து பெருகியது என்பது அடுத்த இரண்டு வருடங்களில் உறுதியானது. ஆனால் ஒரு முடிச்சுக்குள்ளேயே பல வகை இரத்தக் கலங்கள் இருந்தன. ஒரு கலத்தின் பிள்ளைகள் வெவ்வேறு வழியில் போகிறார்கள் என்றால், வழியைக் காட்டுவது எது என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கலம் டி ஆவதா பி ஆவதா என்று யார் முடிவு செய்கிறார்கள்?

“சமிக்ஞை முடிவு செய்கிறது” என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால் அது பாதிதான் சரி. பாதிக் குழப்பத்துக்குக் காரணமும் அதுதான்.

முன்பெல்லாம் தோட்டங்களில் விடியற்காலையில் தப்படித்து ஆட்களைப் பிரட்டுக்கு (வேலை பிரிக்கும் இடத்துக்கு) அழைப்பார்கள். தப்புச் சத்தத்துக்குள் வேலை விபரம் ஒன்றும் கிடையாது. அதைக் கேட்டதும் கொழுந்தெடுக்கிறவர் கூடையை எடுப்பார், கவ்வாத்துக்காரர் கத்தியை எடுப்பார். கலங்களுக்குள் போகும் சமிக்ஞையும் இந்த மாதிரிதான். இன்டர்லூக்கின்-7 என்ற புரதத்துக்குள் “நீ டி கலமாக மாறு” என்ற குறிப்பு எதுவும் இல்லை. அந்தப் புரதத்தைப் பிடிக்கும் வாங்கி கலத்தின் மேல் இருக்கிறதா, உள்ளே எந்தப் பரம்பரையலகுகள் (ஜீன்கள்) ஏற்கெனவே திறந்திருக்கின்றன, சமிக்ஞை எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் வந்தது என்பதை வைத்துத்தான் விளைவு அமைகிறது. ஒரே சமிக்ஞை ஒரு கலத்தைப் பெருக வைக்கும், இன்னொன்றைச் சாகடிக்கும். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைத்தான் வேறு வேறு இடத்தில் சொல்கின்றன.

சமிக்ஞை கலத்துக்குள் எப்படிப் போகிறது?

வழிகள் பல. இந்தப் பாடத்துக்கு இரண்டு தெரிந்தால் நன்றாக விளங்கும்.

முதலாவது ஜாக்-ஸ்டாட் வழி. சைட்டோகைன் எனப்படும் சிறு புரதம் வெளியிலிருந்து வந்து வாங்கியின் இரண்டு மூன்று சங்கிலிகளைப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. அவற்றின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ஜாக் என்ற நொதியங்கள் ஒன்றையொன்று நெருங்கி, தம் மீதும் வாங்கி மீதும் பொஸ்பேற்றுக் கூட்டங்களை ஏற்றுகின்றன. அந்த இடத்தில் ஸ்டாட் என்ற புரதம் வந்து ஒட்டுகிறது, அதற்கும் பொஸ்பேற்று ஏறுகிறது, இரண்டு ஸ்டாட் சோடி சேர்ந்து கலத்தின் கருவுக்குள் போய் டிஎன்ஏ மேல் உட்காருகின்றன. சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலை. இன்டர்லூக்கின்-7 இந்த வழியைத்தான் பயன்படுத்துகிறது: ஜாக்1, ஜாக்3, பிறகு ஸ்டாட்5.

இரண்டாவது நொட்ச். 1910களில் மோர்கன் என்ற பரம்பரையியல் அறிஞரின் ஆய்வுகூடத்தில் சிறகின் ஓரம் வெட்டுப்பட்ட பழஈக்களை வைத்து ஆராய்ந்த காலத்திலிருந்து வரும் பெயர் இது. நொட்ச் சமிக்ஞை தூரத்திலிருந்து மிதந்து வராது. பக்கத்துக் கலம் தொட வேண்டும். பக்கத்துக் கலத்தின் மேலிருக்கும் புரதம் நொட்ச் வாங்கியைப் பிடித்து இழுக்கும், இழுத்த இழுப்பில் வாங்கி வெட்டுப்படும். கடைசி வெட்டைப் போடுவது காமா-செக்ரிட்டேஸ் என்ற நொதியம். வெட்டுண்ட உட்பகுதி நேராகக் கருவுக்குப் போய்ப் பரம்பரையலகுகளைத் திறக்கிறது. இடையில் தூதுவர் யாரும் இல்லை. ஒருமுறை வெட்டுப்பட்ட வாங்கியை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. எனக்கு இந்த முழுப் பாடத்திலும் பிடித்த இடம் இது. இவ்வளவு சிக்கனமான ஏற்பாடு வேறு எங்கும் கிடைப்பது கஷ்டம்.

டி, பி என்று இரண்டு வகை உண்டு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கோழியை வைத்து. கோழிக்கு மலவாசலுக்கு அருகே ஃபப்ரிசியஸ் பை என்று ஒரு சிறு உறுப்பு உண்டு. அது எதற்கு என்று நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. 1950களில் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆய்வு மாணவர் கோழிக் குஞ்சுகளில் அந்தப் பையை வெட்டி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நண்பர் மாணவர்களுக்கு உடலெதிரி உருவாவதைக் காட்ட அந்தக் கோழிகளில் சிலவற்றை எடுத்துச் சென்றார். கோழிகளில் உடலெதிரி உருவாகவே இல்லை. பாடம் கெட்டது, கண்டுபிடிப்பு கிடைத்தது. அவர்கள் எழுதிய கட்டுரையை சயன்ஸ் இதழ் ஏற்கவில்லை. 1956இல் கோழி வளர்ப்பு ஆய்வு இதழ் ஒன்றில்தான் அது வந்தது. அதனாலேயே நிர்ப்பீடனவியலாளர் பலர் பல வருடம் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்தது தைமசு. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சுரப்பியில் செத்துக்கொண்டிருக்கும் கலங்கள்தான் நிறையத் தெரிந்தன. ஆகவே அதை ஒன்றுக்கும் உதவாத உறுப்பு என்று நினைத்திருந்தார்கள். 1961இல் லண்டனில் ஜாக் மில்லர் பிறந்த உடனேயே எலிக்குட்டிகளின் தைமசை அகற்றினார். அந்த எலிகளில் நிணநீர்க்குழியங்கள் (டி, பி கலங்கள் அடங்கிய வெண்குழிய வகை) குறைந்தன, வேறு எலியின் தோலை ஒட்டினால்கூட உடல் தள்ளவில்லை. 1965இல் மின்னசோட்டாவில் மக்ஸ் கூப்பர் கோழிகளை வைத்து இரண்டு வேலையும் இரண்டு வெவ்வேறு கல வரிசைகளுடையவை என்று பிரித்துக் காட்டினார். தைமசில் முதிர்வது டி, பையில் முதிர்வது பி. நமக்கு அந்தப் பை கிடையாது. நம்முடைய பி கலங்கள் எலும்பு மச்சையிலேயே வளர்கின்றன. மில்லருக்கும் கூப்பருக்கும் 2019இல்தான் லாஸ்கர் என்ற அமெரிக்க மருத்துவ ஆய்வு விருது கிடைத்தது.

மச்சையிலிருந்து தைமசுக்கு வரும் கலம் ஏற்கெனவே டி கலமா?

இல்லை. வந்து சேரும்போது அது பி கலமாகவோ வேறு சில கலங்களாகவோ மாறக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. தைமசின் மேலணிக் கலங்களில் டிஎல்எல்4 என்ற புரதம் நிறைய இருக்கிறது. அது நொட்ச்1 வாங்கியைப் பிடித்து இழுக்கிறது. அங்கிருந்து மற்ற வழிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்கின்றன.

1999இல் வந்த இரண்டு எலி ஆய்வுகள் இதை இரு பக்கத்திலிருந்தும் காட்டின. நொட்ச்1ஐ எடுத்துவிட்டால் தைமசுக்குள்ளேயே பி கலங்கள் வளர்ந்தன. நொட்ச்1ஐ ஓயாமல் இயங்க வைத்தால் எலும்பு மச்சையிலேயே டி கலங்கள் வந்தன. ஆக, இடத்துக்குத் தனியாக மந்திரம் எதுவும் இல்லை. அந்த இடத்தில் கிடைக்கும் தொடுகைதான் வேலை செய்கிறது.

எலியில் இன்டர்லூக்கின்-7 இல்லாவிட்டால் டி, பி இரண்டும் போகிறது என்று ஒரு புத்தகத்தில் இருக்கிறது. மனிதரில் டி மட்டும் போகிறது என்று இன்னொன்றில் இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. மனித பி கலங்கள் இன்டர்லூக்கின்-7 வாங்கி இல்லாமலும் உருவாகிவிடுகின்றன, எலியின் பி கலங்களால் அது முடிவதில்லை. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது என்பதற்கு நான் வகுப்பில் சொல்லும் முதல் உதாரணம் இதுதான்.

இதோடு சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ள ஒன்று. இன்டர்லூக்கின்-7 வாங்கியின் தனிச் சங்கிலி பழுதானால் மனிதரில் டி கலம் இராது, பி கலமும் இயற்கைக் கொல்லிக் கலமும் (வைரஸ் தொற்றிய கலங்களைக் கொல்லும் இன்னொரு வெண்குழியம்) இருக்கும். பல வாங்கிகளுக்குப் பொதுவான காமாச் சங்கிலி பழுதானால் இயற்கைக் கொல்லிக் கலமும் சேர்ந்து போகும், ஏனென்றால் அதற்குத் தேவையான இன்டர்லூக்கின்-15உம் அதே சங்கிலியைத்தான் பயன்படுத்துகிறது. ஜாக்3 பழுதானாலும் இதே படம்தான். வாங்கிச் சங்கிலியில் பிழையா, உள்ளே இருக்கும் நொதியத்தில் பிழையா என்பது வெளியே பார்த்தால் தெரியாது. பி கலங்கள் இருந்தும், உதவிக்கு டி கலம் இல்லாததாலும் தங்கள் சொந்தக் குறைபாட்டாலும் அவை ஒழுங்காக வேலை செய்வதில்லை.

பி கலத்தின் வளர்ச்சியில் எந்த இடம் முக்கியம்?

பி கலம் தன் வாங்கியைப் பரம்பரையலகுத் துண்டுகளை வெட்டி ஒட்டித் தயாரிக்கிறது. டி கலமும் அப்படித்தான். இந்த வெட்டி ஒட்டும் வேலையை 1976இல் காட்டிய சுசுமு டொனெகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒட்டும்போது பிழை வருவது சகஜம். அதனால் வாங்கியின் முதல் பாதியான பாரச் சங்கிலி தயாரானதும் கலம் அதைத் தற்காலிகத் துணைப் புரதத்தோடு சேர்த்து வெளியே நிறுத்துகிறது. அந்த அரைகுறை வாங்கியிலிருந்து உள்ளே சமிக்ஞை வந்தால்தான் அடுத்த கட்டம். வராவிட்டால் கலம் அங்கேயே சாகும்.

அந்தச் சமிக்ஞையைக் கடத்தும் நொதியங்களில் ஒன்று பிடிகே. அது பழுதான ஆண் குழந்தைகளுக்கு மச்சையில் ஆரம்பக் கலங்கள் இருக்கும், குருதியில் பி கலம் அநேகமாக இராது. 1952இல் ஒக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க இராணுவ வைத்தியர், மீண்டும் மீண்டும் நியூமொகொக்கஸ் தொற்று வந்த எட்டு வயதுப் பையனின் குருதியில் காமா குளோபியூலின் (உடலெதிரிகள் அடங்கிய புரதப் பகுதி) இல்லாததைக் கண்டு எழுதினார். காரணமான பரம்பரையலகு 1993இல் கிடைத்தது. பிடிகே என்பதில் உள்ள பி அவருடைய பெயர்தான்.

பிறகு நடந்தது இன்னும் சுவாரசியம். பிடிகே இல்லாவிட்டால் பி கலம் பிழைக்காது என்றால், பி கலப் புற்றுநோயில் பிடிகேயை மருந்தால் அடைத்தால் என்ன? அப்படி வந்த இப்ரூட்டினிப் 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

தைமசுக்குள் போகும் கலங்களில் மிகப் பெரும்பாலானவை சாகின்றன என்பது உண்மையா? ஏன் இவ்வளவு வீண்?

உண்மைதான். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கில் நூற்றில் ஐந்துகூட வெளியே வருவதில்லை. வீண் என்று தோன்றும். ஆனால் வாங்கிகள் தற்செயலாக வெட்டி ஒட்டி உருவானவை என்பதை நினைத்துப் பாருங்கள். எது உதவும், எது சொந்த உடலையே தாக்கும் என்று தயாரிக்கும்போது தெரியாது. தயாரித்த பிறகுதான் பார்க்க முடியும்.

பார்ப்பது இப்படி. தைமசின் மேற்பட்டையில் இளம் டி கலம் சிடி4, சிடி8 என்ற இரண்டு மேற்பரப்புப் புரதங்களையும் தாங்கி நிற்கிறது. அங்கிருக்கும் மேலணிக் கலங்கள் எம்எச்சி மூலக்கூறுகளில் உடலின் சொந்தப் புரதத் துண்டுகளை வைத்துக் காட்டுகின்றன. டி கலத்தின் வாங்கி அதைப் பிடிக்கவே இல்லையென்றால் சமிக்ஞை இல்லை, மூன்று நான்கு நாளில் கலம் தானாகச் சாகும். செத்துப்போகிறவற்றில் அதிகமானவை இந்த வகை. மெல்லப் பிடித்தால் பலவீனமான சமிக்ஞை போகும், கலம் பிழைக்கும். இறுக்கிப் பிடித்தால் பலமான சமிக்ஞை போகும், கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

இதே டி கலம் முதிர்ந்து வெளியே போன பிறகு அதே வாங்கியில் பலமான சமிக்ஞை வந்தால் சாகாது, பெருகிச் சண்டைக்குப் போகும். வாங்கி ஒன்று, உள்ளே ஓடும் நொதியங்களும் பெரும்பாலும் அவையே. மாறியிருப்பது கலத்தின் வயதும், அது திறந்து வைத்திருக்கும் பரம்பரையலகுகளும். இதை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு மீதிப் பாடம் தானாக வரும்.

இன்னொரு சிக்கல் உண்டு. இன்சுலின் சதையியில்தான் தயாராகிறது. தைமசில் இருக்கும் டி கலம் இன்சுலினைத் தாக்கக்கூடியதா என்று தைமசுக்குள்ளேயே எப்படிப் பார்ப்பது? தைமசின் மையவிழையத்தில் உள்ள மேலணிக் கலங்கள் எயர் என்ற புரதத்தின் உதவியால் இன்சுலின் போன்ற ஆயிரக்கணக்கான வேற்று உறுப்புப் புரதங்களைக் கொஞ்சம் கொஞ்சம் தயாரித்துக் காட்டுகின்றன. எயர் பரம்பரையலகு 1997இல் அடையாளம் காணப்பட்டது. அது பழுதானவர்களுக்குக் பராதைரொயிட் சுரப்பி, அதிரினல் சுரப்பி போன்றவற்றை அவர்களுடைய சொந்த நிர்ப்பீடனமே அழிக்கிறது.

சிடி4 ஆவதா சிடி8 ஆவதா என்பதும் சமிக்ஞையின் பலத்தால்தானா?

பலத்தைவிட நேரம் முக்கியம் என்பதுதான் இப்போது அதிகம் ஏற்கப்படும் விளக்கம். சமிக்ஞை கிடைத்த கலம் முதலில் சிடி8 தயாரிப்பைக் குறைத்துப் பார்க்கிறது. அப்போதும் சமிக்ஞை தொடர்ந்தால், வாங்கி சிடி4இன் துணையோடுதான் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். கலம் சிடி4 வழியில், அதாவது உதவி டி கலமாகும் வழியில், போகும். சமிக்ஞை அறுந்தால், இன்டர்லூக்கின்-7 போன்றவை வந்து கலத்தைத் தாங்கிச் சிடி8 வழியில், அதாவது கொல்லும் டி கலமாகும் வழியில், அனுப்பும்.

தைமசில் தப்பிவிடும் ஆபத்தான கலங்களை என்ன செய்வது?

சில தப்பத்தான் செய்கின்றன. அவற்றை அடக்கி வைக்க ஒழுங்குபடுத்தும் டி கலங்கள் இருக்கின்றன. இவற்றிலும் ஒரு பகுதி தைமசிலேயே உருவாகிறது: சொந்தப் புரதத்தை ஓரளவு இறுக்கமாகப் பிடித்து, ஆனால் சாகும் அளவுக்குப் போகாத கலங்கள். அவற்றுக்கு இன்டர்லூக்கின்-2இன் சமிக்ஞையும் வேண்டும். உள்ளே திறக்கும் முக்கியப் பரம்பரையலகு ஃபொக்ஸ்பி3.

ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் இந்தக் கலங்களைப் பிரித்துக் காட்டினார். 2001இல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் றம்ஸ்டெல்லும், சொறி பிடித்துச் சீக்கிரம் செத்துப்போகும் ஒரு வகை எலியில் பழுதாகியிருந்தது ஃபொக்ஸ்பி3 என்று கண்டார்கள். மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் கிடைத்தது. பொது அறிவு வினாவிலும் இது வரலாம், பிள்ளைகளே.

முதிர்ந்த டி கலத்துக்குத் தைமசை விட்டு வெளியேறும் வழி எப்படித் தெரிகிறது?

குருதியில் ஸ்பிங்கோசின்-1-பொஸ்பேற்று என்ற கொழுப்பு மூலக்கூறு அதிகம், தைமசுக்குள் குறைவு. முதிர்ந்த கலம் அதற்கான வாங்கியை வெளியே வைத்ததும், செறிவு கூடிய பக்கம் நகர்ந்து குருதிக்குள் இறங்குகிறது.

வெளியே வந்ததும் வளர்ச்சி முடிந்துவிட்டதா?

இல்லை. உதவி டி கலங்கள் எந்த வகை ஆகும் என்பது தொற்று வந்த பிறகுதான் தீர்மானமாகிறது. காசநோய்க் கிருமி போன்றவை வந்தால் விழுங்கிக் கலங்கள் இன்டர்லூக்கின்-12 விடும், ஸ்டாட்4 வழியாக முதல் வகை உருவாகும். புழு இருக்கும் இடத்தில் இன்டர்லூக்கின்-4, ஸ்டாட்6, இரண்டாவது வகை. இன்டர்லூக்கின்-12 வாங்கி பழுதாகப் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலான வைரஸ்கள் பெரிய தொல்லை தருவதில்லை, ஆனால் காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசியில் இருக்கும் பலவீனமான கிருமியே நோய் தரும். சால்மொனெல்லாவும் அப்படித்தான். ஒரு சமிக்ஞை வழி அறுந்தால் எந்தக் கதவு திறக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நோய் குறைவு.

குழந்தைக்கு அடிக்கடி சளி, காய்ச்சல். நிர்ப்பீடனக் குறைபாடாக இருக்குமா?

நுவரெலியாக் குளிரில், லயக் காம்பராவில் பத்துப் பேர் புழங்கும் இடத்தில், பிள்ளைக் காம்பராவுக்குப் போகும் குழந்தைக்கு வருடத்தில் பலமுறை சளி பிடிப்பது வழமைதான். இடையில் நன்றாகச் சாப்பிட்டு, எடை கூடி, விளையாடினால் பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இல்லை.

வேறு மாதிரி இருந்தால் கவனிக்க வேண்டும். முதல் மாதங்களிலேயே எடை ஏறாமல் இருப்பது, வாயில் வெண்படலம் மருந்துக்கும் போகாமல் இருப்பது, வயிற்றோட்டம் நிற்காமல் இருப்பது, நியூமோனியா திரும்பத் திரும்ப வருவது, பிசிஜி போட்ட இடம் ஆறாமல் சீழ் பிடித்துப் பரவுவது, குடும்பத்தில் ஆண் குழந்தைகள் சிறு வயதில் இறந்திருப்பது. புரூட்டன் கண்ட நோயில் ஆறு மாதம் வரை தாயின் உடலெதிரி காப்பாற்றும், அதன் பிறகுதான் தொற்றுகள் தொடங்கும். தொண்டையில் டொன்சில் தெரியவே தெரியாது.

இப்படி இருந்தால் மிட்வைஃபிடம் சொல்லுங்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில் குழந்தை வைத்தியரைப் பாருங்கள். சாதாரண இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டிலேயே நிணநீர்க்குழியங்களின் எண்ணிக்கை இருக்கும். சில மாதக் குழந்தைக்கு அது பெரியவர்களைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். மைக்ரோலீட்டருக்கு 3000க்கும் குறைவென்றால் வைத்தியர் யோசிப்பார். மேற்கொண்டு பார்க்கும் சோதனைகளுக்குக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் நிர்ப்பீடனவியல் பிரிவு இருக்கிறது.

இலங்கையில் பிசிஜி பிறந்த உடனேயே ஆஸ்பத்திரியில் போடுகிறார்கள். கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு அது நல்லது. மிக அரிதாக டி கலமே இல்லாமல் பிறந்த குழந்தைக்கு மட்டும் ஆபத்து. அதனால் முன்பு ஒரு குழந்தையை இப்படி இழந்த குடும்பம், அடுத்த பிரசவத்துக்கு முன்பே வைத்தியரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் இதை வாசித்துவிட்டுத் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

டி கலம் இல்லாமல் பிறந்தால் பிழைக்கவே முடியாதா?

1971இல் அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்த டேவிட் என்ற சிறுவனைக் கிருமி புகாத பிளாஸ்டிக் அறைக்குள்ளேயே வளர்த்தார்கள். பன்னிரண்டு வயதில், 1984இல், அக்காவின் மச்சையைப் பொருத்திய பிறகு அதில் ஒளிந்திருந்த ஒரு வைரஸால் அவன் இறந்தான். அவனுக்கு இருந்தது காமாச் சங்கிலிக் குறைபாடு, அது 1993இல்தான் தெரிந்தது. இன்று நோயைச் சீக்கிரம் கண்டு, முதல் மாதங்களிலேயே பொருத்தமான மச்சை மாற்றினால் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கிறார்கள். பழுதான பரம்பரையலகையே திருத்தும் சிகிச்சையும் சில நாடுகளில் நடக்கிறது.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் இந்த நோய்கள் வருமா?

சில வரும் வாய்ப்பு கூடும். ஜாக்3, இன்டர்லூக்கின்-7 வாங்கி போன்றவற்றில் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். மாமன் மகளும் அத்தை மகனும் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து ஒரே பழுதைப் பெற்றிருக்க இடமுண்டு. காமாச் சங்கிலி, பிடிகே இரண்டும் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பவை. அவை தாய் வழியாக மகனுக்கு வரும், சொந்தமோ அசலோ வித்தியாசமில்லை. முறை பார்த்துக் கல்யாணம் முடித்த எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு இருந்ததென்றால் ஆலோசனை கேட்பது நல்லது.

சாப்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நாம் நினைப்பதைவிட அதிகம். கடும் போசாக்கின்மையில் முதலில் சுருங்கும் உறுப்புகளில் தைமசும் ஒன்று. பட்டினியிலும் தொற்றிலும் உடலில் கூடும் கோர்ட்டிசோல் இளம் டி கலங்களைக் கொல்லும், நாகச்சத்துக் (சிங்க்) குறைவு அதை மோசமாக்கும். பொலிவியாவில் குழந்தைகளின் தைமசை அல்ட்ராசவுண்டில் பார்த்துச் செய்த ஆய்வுகளில், எடை தேறிய பிறகும் தைமசு தேற மேலும் காலம் எடுத்தது.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 17 சதவீதம், தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 சதவீதம். சமிக்ஞை வழிகளைப் பற்றி எவ்வளவு படித்தாலும் எனக்கு இந்த எண்தான் முன்னால் வந்து நிற்கிறது. திரிபோஷா (அரசாங்கம் தரும் சத்துமா) கிடைத்தால் அதை வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடாமல் அந்தக் குழந்தைக்கே கொடுங்கள். ஒரு முட்டை, கொஞ்சம் நெத்தலி, பருப்பு, கீரை. இதைவிடத் தைமசுக்கு உதவும் போத்தல் மருந்து கடையில் கிடையாது.

அப்படியானால் நிர்ப்பீடன சக்தியைக் கூட்டும் என்று விற்கிற பானங்கள்?

கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிப்பது தொண்டைக்கு இதம், குடியுங்கள். மற்றபடி நிர்ப்பீடனம் முழுவதையும் ஒரேயடியாகக் கூட்டிவிடலாம் என்ற எண்ணமே பிழை. சமிக்ஞை கூடினால் அது வேறு நோய். டி கல இரத்தப் புற்றுநோய் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நொட்ச்1 தானாகவே இயங்கும்படி மாறியிருப்பது 2004இல் தெரிந்தது. ஜாக் நொதியங்கள் அடங்காமல் ஓடும் நோய்களும் உண்டு. மூட்டுவாத நோயாளிகளுக்கு 2012 முதல் பயன்படும் டொஃபாசிட்டினிப் ஜாக்கை அடக்கும் மருந்து. கூட்டுவதல்ல, குறைப்பதுதான் அங்கே சிகிச்சை. அதை எடுப்பவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு கூடுவதால் காசநோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பார்கள்.

நொட்ச்சை அடக்கும் மருந்துகள் அவ்வளவு எளிதாக வரவில்லை. காமா-செக்ரிட்டேசை அடைத்துப் பார்த்தபோது நோயாளிகளுக்குக் கடும் வயிற்றோட்டம் வந்தது. குடலின் உட்சுவரிலும் கலங்கள் எந்த வகை ஆவது என்பதில் நொட்ச்சுக்குப் பங்குண்டு. தைமசில் ஒரு வேலை, குடலில் வேறு வேலை.

உயரமான மலையில் வாழ்வதால் வெண்குழியம் கூடுமா?

வெண்குழியத்துக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ஒட்சிசன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற ஹோர்மோனைக் கூட்டும், அது ஜாக்2, ஸ்டாட்5 வழியாகச் செங்குழியங்களைப் பெருக்கும். நுவரெலியா 1868 மீற்றர்தான். பொலிவியாவின் லா பாஸ் நகரம் போல 3600 மீற்றரில் இருந்தால் மாற்றம் நன்றாகத் தெரியும்.

உயர்தரப் பரீட்சைக்கு இதில் எவ்வளவு வேண்டும்?

டி, பி இரண்டும் பிறப்பது மச்சையில், டி முதிர்வது தைமசில், பி முதிர்வது மச்சையில், எது என்ன செய்கிறது, உடலெதிரி எப்படி வருகிறது. இவ்வளவு போதும். ஜாக்3, எயர் எல்லாம் எழுதப் போனால் நேரம்தான் போகும்.

தைமசு வயதோடு சுருங்கிவிடுகிறதே, தாத்தா பாட்டிக்கு டி கலம் எங்கிருந்து வருகிறது?

தைமசு பருவ வயதுக்குப் பிறகு மெல்ல மெல்லக் கொழுப்பாக மாறுகிறது. முழுதாக நின்றுவிடுவதில்லை, ஆனால் புதிதாக வரும் கலங்கள் மிகக் குறைவு. முதியவர்களிடம் இருப்பவை பெரும்பாலும் பல வருடங்களுக்கு முன் உருவான டி கலங்களும் அவை பிரிந்து தந்தவையும்தான். அவற்றைத் தாங்கி வைப்பதும் இன்டர்லூக்கின்-7தான், குழந்தையின் தைமசில் வளர்ச்சிக்கு உதவிய அதே புரதம். கலங்கள் எண்ணிக்கையில் போதுமானதாக இருந்தாலும் வாங்கி வகைகள் குறைந்துகொண்டே போகின்றன. புது வைரஸ் வந்தால் பிடிக்கத் தெரிந்த கலம் கிடைப்பது கடினம். சிறு வயதில் கொப்புளிப்பான் (சின்னம்மை) போட்டபோது நரம்புக்குள் ஒளிந்துகொண்ட வைரஸை அடக்கி வைத்திருந்த கலங்களும் தளர்ந்துபோகும். அறுபது தாண்டியவர்களுக்கு அக்கி வருவது அதனால்தான்.